கடலுக்கு வந்த காய்ச்சல்

கடற்கரையே இல்லாத செட்டிநாட்டில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். காரைக்குடியில் நின்று பார்த்தால் செம்மண்ணும், ஊருணிகளும், வானத்தை எட்டும் மாளிகைகளுமே கண்ணுக்குத் தெரிகின்றன. அலை ஓசை காதில் விழுவதில்லை. ஆகவே கேள்வி நியாயமானதே. அதற்கு முதலில் விடை கூறிவிட்டுப் பிறகு விஷயத்திற்கு வருவோம்.

இந்நாட்டின் செல்வம் கடல் வழியாக வந்தது. பர்மாவும், மலேயாவும், இலங்கையும் நம்மவர்களுக்கு அடுத்த தெருவைப் போல இருந்தன என்றால், அதற்கு வங்காள விரிகுடாவே காரணம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபின் பாண்டிநாடு வந்தவர்கள் என்றே நகரத்தார் தங்கள் பூர்வ கதையைச் சொல்லி வருகிறார்கள். நம் மாளிகைச் சுவர்களில் பளிங்கைப் போல் மின்னும் வெண்பூச்சில், கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் கலந்திருக்கிறது. 1985-இல் சிவகங்கை தனி ஜில்லாவாகும் வரையில் தொண்டியும், ராமேசுவரமும், காரைக்குடியும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தன. எல்லைக்கோடு மாறியதனால் நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு அற்றுவிடவில்லை.

அந்தக் கடலுக்கு இன்று காய்ச்சல் கண்டிருக்கிறது. அந்தக் காய்ச்சலை மூட்டியவர்களில் பெரும்பாலோர் பிற தேசத்தார். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தேக பலத்தைக் கடலிடமிருந்து பறித்தவர்களில் நாமும் அடங்குவோம். முன்னதைக் குறித்து உலக சபைகளில் நாம் முறையிடலாம். பின்னதை நிறுத்துவதற்கு எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து செயலில் இறங்க வேண்டுமென்பதே நமது கட்சி. அதற்குரிய சாட்சியங்களை வரிசையாக வைக்கிறோம்.

1951 முதல் 2015 வரையில் இந்து மகா சமுத்திரத்தின் வெப்பமண்டலப் பகுதியில் மேல்நீரின் உஷ்ணம் சராசரி ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்ந்திருப்பதாக, மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சித் தொகுப்பு கூறுகிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. ஆக, மற்றக் கடல்களைக் காட்டிலும் நம் கடல் வேகமாகச் சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. மனித தேகத்தின் சூடு ஒரு சென்டிகிரேட் டிகிரி ஏறினால், நம் வீட்டுத் தெர்மாமீட்டர் நூறைத் தாண்டிக் காட்டும். உடனே வைத்தியருக்கு ஆள் விடுகிறோம். அறுபத்துநான்கு வருஷங்களாகத் தணியாமல் ஏறிவரும் சூட்டை அலட்சியம் செய்வது எப்படி?

இச்சூட்டின் காரணம் இப்போது விவாதத்திற்குரியதன்று. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வெளியேற்றும் கரியமில வாயு, பூமியின் வெப்பம் வெளியே போகவொட்டாமல் கம்பளிபோல் போர்த்துகிறது. இவ்வாறு மிஞ்சும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்களே விழுங்கிக்கொள்கின்றன. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவிலும் ஏறக்குறைய கால் பங்கைக் கடலே கரைத்துக்கொள்கிறது. கரையில் வாழும் நாம் இன்று படும் வெயில் இவ்வளவோடு நிற்பதற்குக் கடல் செய்துவரும் இந்த உபகாரமே காரணம். அவ்வுபகாரத்திற்குக் கடல் கொடுக்கும் விலை, அதனுள் வாழும் ஜீவராசிகளின் உயிர்.

மன்னார் வளைகுடாவைப் பார்ப்போம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் கரையை ஒட்டி வரிசையாக அமைந்திருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. 1986-இல் இப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம் என்பது கல்லன்று. கோடிக்கணக்கான சிறு பிராணிகள் கூடி வாழும் குடியிருப்பு. அப்பிராணிகளின் தேகத்தினுள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தைக்கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. பவளத்தின் வர்ணமும் பெரிதும் அப்பாசி தந்ததே. நீரின் சூடு அளவு மீறினால் இந்தக் கூட்டுறவு முறிகிறது. பாசி வெளியேறிவிடுகிறது, பவளம் எலும்புபோல் வெளுத்து நிற்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் பட்டினியால் மடியும்.

மன்னார் வளைகுடாவில் கோடைநீரின் உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டும்போது இந்த வெளிறல் தொடங்குவதைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பல வருஷங்களாக நீரில் மூழ்கிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1998-இலும், 2010-இலும், 2016-இலும் பெருவெளிறல் நேர்ந்தது. 2016-இன் கோடைக்கு முன் கடலடியின் பரப்பில் நூற்றுக்கு 38.9 பங்காக இருந்த உயிர்ப்பவளம், அக்கோடைக்குப் பின் 22.7 பங்காகக் குறைந்துவிட்டது. 2024 ஏப்ரலில், உலகமெங்கும் நான்காவது பெருவெளிறல் நடைபெறுவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்; அவ்வருஷத்துக் கோடையில் நம் கடலும் தப்பவில்லை. முன்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடிய ஆபத்து, இப்போது பாறை தேறி எழுவதற்குள் மறுமுறை வந்து நிற்கிறது.

பவளம் போனால் அழகு போகும் என்று மட்டும் நினைக்கலாகாது. உலகக் கடலுயிர்களில் ஏறக்குறைய கால்வாசி, தம் ஆயுளில் ஏதேனும் ஒரு பருவத்தில் பவளப் பாறையை அண்டி வாழ்கின்றன. மீன்குஞ்சுகளுக்கு அது தொட்டில். கரைக்கோ அது அலை தடுக்கும் மதில். மதில் இடிந்தால் என்ன ஆகும் என்பதை அத்தீவுகளே காட்டுகின்றன. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. காரியச்சல்லித் தீவு 1969-இல் சுமார் 21 ஹெக்டேர் பரப்புடன் இருந்தது. 2024-இல் மிஞ்சியது சுமார் மூன்று ஹெக்டேர். கடல்மட்டமோ வருஷத்துக்கு வருஷம் உயர்ந்து வருகிறது.

இனி இரண்டாவது சாட்சி. 2019 செப்டம்பரில் ராமேசுவரத்தை அடுத்த மன்னார் வளைகுடா நீர் பச்சைப் பசேலென்று மாறிற்று. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகிவிட்டது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோக, மீன்கள் மூச்சு முட்டிச் செத்துக் கரையில் ஒதுங்கின; பவளமும் சேதமுற்றது. பூங்கோரை புதியதன்று, நம் முன்னோரும் கண்டதே. ஆனால் சூடேறிய நீரில் பிராணவாயு கரைவது குறையும். கரையிலிருந்து கழிவும் உரச்சத்தும் வந்து சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகும். இரண்டும் கூடிய கடல், முன்பு சமாளித்த நோயைச் சமாளிக்க முடியாமல் தவிக்கும்.

மூன்றாவது, சிப்பியைப் பற்றியது. செட்டிநாட்டார் மனத்தில் இது தைக்க வேண்டும். கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலமாகிறது. இயந்திரத் தொழில் தோன்றிய காலத்துக்குப் பிறகு உலகக் கடல்நீரின் அமிலத்தன்மை நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் ஏறியிருக்கிறது. சிப்பியும், சங்கும், பவளமும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் திரட்டித் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. நீரில் அமிலம் ஏற ஏற, அக்கட்டடத்திற்கு வேண்டிய சரக்குக் குறைகிறது, வேலை கடினமாகிறது. எந்தச் சுண்ணாம்பைக்கொண்டு நம் பாட்டனார் நூறாண்டு நிற்கும் சுவர் எழுப்பினாரோ, அதே சுண்ணாம்பால் ஒரு சிறு சிப்பி தன் வீட்டைக் கட்டுவதற்கு இனித் திணற வேண்டியிருக்கும்.

நான்காவது சாட்சி, இடம் மாறும் மீன். நெய்மத்தி என்றும் பேய்ச்சாளை என்றும் வழங்கும் மீன் மலையாளக் கரைக்கே உரியதென்று முன்னாளில் எண்ணப்பட்டது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அது தமிழ்நாட்டுக் கரையில் ஏராளமாகப் பிடிபடலாயிற்று. கடலின் சூடு மாறியதும் இதற்கு ஒரு காரணம் என்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து நிபுணர்களின் கருத்து. நமக்கு லாபந்தானே என்று மகிழ்வதற்கில்லை. கேரளத்தில் 2012-இல் நான்கு லட்சம் டன்னை எட்டிய மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன்னாக விழுந்தது. சூடும், மழை பிசகுவதும், குஞ்சுமீனையும் விடாமல் வாரியதும் சேர்ந்து அந்த வீழ்ச்சியை உண்டாக்கின. ஒரு கரையில் வந்த மீன் மறு கரைக்குப் போகலாம். இரு கரைகளிலும் இல்லாமலும் போகலாம். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை என்பதை நினைத்துக்கொள்வது நலம்.

இத்தனை நஷ்டமும் யார் தலையில் விழுகிறது? வாடைக்கு ஒரு வலை, சோழகத்துக்கு ஒரு வலை, கச்சான் எழுந்தால் இன்ன மடையில் இன்ன மீன் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற நாட்டுப்படகு மீனவன் தலையில்தான். அவனுடைய கல்வி முழுவதும் காற்றையும், நீரோட்டத்தையும், பருவத்தையும் நம்பி அமைந்தது. பருவம் பொய்த்தால் அவனுடைய முதலும் வித்தையும் ஒருங்கே நஷ்டமாகின்றன. மீன் ஓடிய இடத்திற்குத் துரத்திச் செல்லப் பெரிய படகு அவனிடம் இல்லை. கரியமில வாயுவை உலகில் அனைவரிலும் குறைவாக வெளியிட்டவர்களில் அவன் ஒருவன். தண்டனையில் முதல் தவணையைச் செலுத்துகிறவனும் அவனே.

இங்கே தேசங்களுக்கிடையிலான நியாயம் ஒன்று இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நிலக்கரியை எரித்து ஆலைகளும் சாம்ராஜ்யங்களும் எழுப்பிய தேசங்களே இப்பெருங்கடனின் முதற் கடனாளிகள். இந்தியப் பிரஜை ஒருவனின் பங்கு, இன்றைக்கும் உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. ஆதலால் கடன்பட்டவர்களிடம் கடனை வற்புறுத்திக் கேட்கும் உரிமை இத்தேசத்திற்குண்டு. அதை எந்த சபையிலும் விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் பிறர்மேல் நமக்குள்ள வழக்கு, நம்மேல் கடலுக்குள்ள வழக்கைத் தள்ளுபடி செய்துவிடாது.

நம் கையால் செய்தவற்றைக் கேளுங்கள். பல பத்தாண்டுகளாக மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக ஏற்றினோம். 2001-இல் பவளத்தை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து பாறையின் அருமையை உணர்த்திய பிறகுமே, 2005-இல் இந்த வெட்டு நின்றது.

1960-களில் சர்க்காரின் ஊக்கத்துடன் விசைப்படகும் இழுவை மடியும் வந்தன. இறால் அந்நிய நாணயம் தந்தது. ஆழமற்ற பாக் விரிகுடாவை இழுவை மடி அடிமட்டத்தோடு சுரண்டிற்று. அவ்விரிகுடாவின் அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் விரிந்து கிடக்கிறது. கரையோர மக்கள் இதைத் தாழை என்பார்கள். மீனும், நண்டும், இறாலும் அதில்தான் குஞ்சு வளர்க்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு அதுவே ஆகாரம். கரியமில வாயுவை வேரடி மண்ணில் புதைத்து வைக்கும் பொக்கிஷமும் அதுவே. தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது, இத்தேசத்தில் முதல் முயற்சி, பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு பக்கம் புல்லைக் காக்க உத்தரவு போட்டு, மறுபக்கம் புல்லைப் பெயர்க்கும் மடியை அனுமதிப்பது விந்தையான ராஜ்யபாரம்.

நம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைதாகும் செய்தி இப்பத்திரிகையில் அடிக்கடி இடம்பெறுகிறது. 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அக்கைதுகளையும், படகுப் பறிமுதலையும், உயிர்ச்சேதத்தையும் கண்டிக்கிறோம். அதே சமயத்தில் யுத்தம் 2009-இல் முடிந்து மீண்டும் கடலில் இறங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள், எங்கள் வலையையும் எங்கள் கடலடியையும் உங்கள் இழுவை மடி அழிக்கிறதே என்று கேட்கும் கேள்விக்கு, மேடையில் ஆவேசமாகப் பேசும் நம் நண்பர்கள் பதில் சொல்ல வேண்டாமா? இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடை செய்துவிட்டது. இக்கரையில் கடலடி வறண்டதனால்தான் படகு அக்கரைக்குப் போகிறது. கடல் சூடேற ஏற, மீன் குறையக் குறைய, இந்தச் சகோதரச் சண்டை முற்றுமேயன்றித் தணியாது.

இறால் பண்ணைகளின் கதை வேறு. கரையோர விளைநிலத்தையும் கழிமுகத்தையும் உப்பும் கழிவும் கெடுத்தபோது, சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் கோர்ட்டார் மீனவர்க்கும் உழவர்க்கும் ஆதரவாகக் கடுமையான தீர்ப்பளித்தனர். 2005-இல் பார்லிமெண்டு வேறொரு சட்டம் இயற்றி அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. கோர்ட்டில் வென்ற பிறகும் ஜனங்கள் விழிப்புடன் இராவிட்டால் வெற்றி கைநழுவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

உலகமே சூடேறும்போது நம் கரையில் நாலு காரியம் செய்து என்ன பயன் என்று சோர்வடைவோர்க்கு, இதே கடல் விடை தந்திருக்கிறது. பவளம் வெட்டுவது நின்ற 2005-இல் நூற்றுக்கு 37 பங்காக இருந்த உயிர்ப்பவளம், 2009-இல் ஏறக்குறைய 43 பங்காக ஏறியது. கடப்பாரையை எடுத்த நாலே வருஷத்தில் கடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொண்டது! 2010-இன் சூடு வந்து அதைக் கீழே தள்ளியது உண்மை; மீண்டும் எழுந்தது; 2016-இல் மீண்டும் விழுந்தது. ஆனால் புண்பட்ட தேகத்துக்கும் திடமான தேகத்துக்கும் காய்ச்சல் ஒன்றே ஆயினும், பிழைப்பது எது என்பதைச் சொல்ல வைத்தியர் வேண்டுமா? காய்ச்சலைத் தணிக்க உலகம் கூடிப் பாடுபடும் வரையில், நோயாளியை அடிக்காமலிருப்பது நம் கடமை.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று காரியங்கள்.

முதலாவது, பாக் விரிகுடாவில் இழுவை மடிக்குத் தவணை குறித்து முடிவு கட்ட வேண்டும். 2,000 படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றுவதென்று 2017-இல் தொடங்கிய திட்டம் இலக்கின் அருகில்கூட வரவில்லை. படகுக்காரரின் கடனையும், அதில் வேலை செய்யும் கூலியாட்களின் பிழைப்பையும் கணக்கிலெடுக்காத திட்டம் ஓடாது. கடனைத் தீர்க்க உதவி, தொழிலாளிக்கு மாற்று வேலை, மடிக்கு நஷ்டஈடு, மூன்றும் சேர்த்துக் கொடுத்துத் தடையை அமல் செய்யட்டும். கரையோரப் பகுதியை நாட்டுப்படகுக்கு ஒதுக்கும் 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தையும் ஏட்டிலிருந்து கடலுக்குக் கொண்டு வரட்டும்.

இரண்டாவது, கோடைக்குத் தனி விதி வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஓய்வு. மீன் முட்டையிடும் காலத்தை முன்னிட்டு ஏற்பட்ட இத்தடை, பவளம் வெளிறும் அதே மாதங்களில் அமைந்திருப்பது நம் பாக்கியம். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் மையம் வெளிறல் எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை வந்த நாட்களில் பாறையருகே உல்லாசப் படகும், நங்கூரமும், கழிவுநீரும் சேராதபடி அதிகாரிகள் தடுக்க வேண்டும். அந்த எச்சரிக்கை ஒவ்வொரு மீனவ கிராமத்திலும் எளிய தமிழில் ஒலிக்க வேண்டும்.

மூன்றாவது, படிப்பும் அனுபவமும் கைகோக்க வேண்டும். 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. கடல்நீர் இரும்பை எவ்வாறு தின்கிறது என்பதை மண்டபத்தில் அது ஆராய்ந்து வந்திருக்கிறது. அழகப்பா சர்வகலாசாலையின் கடலியல் பகுதி தொண்டியிலேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இத்தனை கல்வி நம்மைச் சூழ்ந்திருந்தும், தொண்டிக் கரையில் வலை பழுது பார்க்கும் மீனவனுக்கு அதில் எத்தனை பக்கம் எட்டியது? அவன் கண்ட மாறுதல்களில் எத்தனை வரி ஆராய்ச்சிக் குறிப்பில் ஏறியது? நீரின் சூட்டையும், பிடிபடும் மீனின் வகையையும் மீனவ இளைஞரே தினந்தோறும் குறித்து வைக்கவும், அதற்குச் சன்மானம் பெறவும் ஏற்பாடு செய்வது சர்வகலாசாலைக்குப் பெரிய செலவன்று.

கோயிலும், கல்விச்சாலையும், ஊருணியும் அமைப்பதில் தாராளம் காட்டிய நாடு இது. கடலால் ஈட்டிய பொருளில் ஒரு சிறு பங்கைக் கடலுக்குத் திருப்பித் தர நம் தனவந்தர்கள் முன்வருவார்களென்று எதிர்பார்க்கிறோம். தேசத் தொண்டர்களுக்கோ வேறு வேலை இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும், இழுவை மடிக்குத் தவணை குறிப்பீரா, வெளிறல் நாட்களில் பாறையைக் காப்பீரா, மீனவனுக்கு ஆராய்ச்சியில் இடம் தருவீரா என்ற மூன்று கேள்விகளையும் தொண்டியிலும் பாம்பனிலும் மட்டுமின்றிக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கேளுங்கள். கடலைக் காணாத ஊரிலும் இக்கேள்வி எழுகிறதென்று தெரிந்தால்தான் சென்னையும் டில்லியும் செவி சாய்க்கும்.